குரலாய் வரும் சித்திரம்: 'ராஜா சின்ன ரோஜா', 'மாவீரன்' திரைப்படங்களில் கார்ட்டூன் மாந்தரும் மனித உலகும்

ஆய்வுச் சுருக்கம்

வரையப்பட்ட மாந்தர் மனித உலகிற்குள் நுழையும் சாகசக் கதை, உலகத் திரைப்படத்தில் தனி வகையாக வளர்ந்துள்ளது. தமிழில் இவ்வகையின் இரு குறிப்பிடத்தக்க சான்றுகள் 'ராஜா சின்ன ரோஜா' (1989), 'மாவீரன்' (2023) ஆகிய திரைப்படங்கள். முன்னதில் கார்ட்டூன் உருவம் ஒரு பாடலின் எல்லைக்குள் நின்றுவிடுகிறது. பின்னதில் உருவம் நீங்கிக் குரல் மட்டும் மனித உலகிற்குள் வருகிறது. இக்குரலின் மரபுவழி மணிமேகலையின் கந்திற்பாவை வரை செல்வதையும், குரல்வடிவம் தேர்ந்துகொள்ளப்பட்டதால் வீரம், ஆபத்து, பொறுப்பு ஆகியவற்றின் பொருள் மாறுவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கார்ட்டூன் மாந்தர், சித்திரக்கதை, அசைவூட்டம், கந்திற்பாவை, கன்னித்தீவு, ராஜா சின்ன ரோஜா, மாவீரன், இடப்பெயர்வு.

முன்னுரை

கேலிச்சித்திரம் என்னும் சொல் தமிழ் இதழியலில் பெரும்பாலும் அரசியல் நகைச்சித்திரத்தையே குறிக்கிறது. சித்திரக்கதையிலும் அசைவூட்டப் படத்திலும் உலவும் வரையப்பட்ட மாந்தரைக் குறிக்க, மக்கள் வழக்கிலுள்ள கார்ட்டூன் என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

கார்ட்டூன் மாந்தருக்கு அடிபடும். ஆனால் காயம் நிலைக்காது. மலையுச்சியிலிருந்து விழுந்தாலும் அடுத்த காட்சியில் எழுந்து நடப்பர். மனித உடலுக்கு அத்தகைய சலுகை இல்லை. இவ்விரு வேறு விதிகளைக் கொண்ட உலகங்கள் ஒன்றோடொன்று மோதுமிடத்தில்தான் இவ்வகைக் கதையின் சாகசம் பிறக்கிறது. காயப்படாதவனோடு காயப்படுபவன் சேர்ந்து நடக்கும்போது ஆபத்து யாருடையது என்னும் வினா இயல்பாக எழும். அவ்வினாவிற்குத் தமிழ்ப் படைப்புகள் தரும் விடையை அறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழில் சித்திரக்கதை பற்றிய ஆய்வுகள் சிறுவர் இலக்கியம் என்னும் தலைப்பின்கீழும், திரைப்படம் பற்றிய ஆய்வுகள் நட்சத்திரம், அரசியல் என்னும் தலைப்புகளின்கீழும் பெரும்பாலும் தனித்தனியே நிகழ்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடம் போதிய கவனம் பெறவில்லை. மேற்கூறிய இரு படங்களும் அச்சந்திப்பில் நிற்பவை.

பேசும் பாவை: மரபின் வேர்

மனிதக் கையால் செய்யப்பட்ட உருவம் வாய்திறந்து பேசுவது தமிழ்க் கதைமரபிற்குப் புதிதன்று. விக்கிரமாதித்தன் கதையில் அரியணைப் படிகளிலுள்ள முப்பத்திரண்டு பதுமைகளும் போசராசனை வழிமறித்துக் கதை சொல்கின்றன. அரியணையில் அமரும் தகுதி அவனுக்கு உண்டா என்பதை உயிரற்ற பதுமைகளே சோதிக்கின்றன.

இதனினும் தொன்மையான சான்று மணிமேகலையில் உள்ளது. புகார் நகரின் சக்கரவாளக் கோட்டத்தைச் சார்ந்த உலக அறவியில், ஒரு தூணில் மயன் அமைத்த பாவை இருக்கிறது. துவதிகன் என்னும் தெய்வம் அதன்வழிப் பேசுகிறது. துயிலெழுப்பிய காதையில் மணிமேகலையைப் பிரிந்து தனித்து வரும் சுதமதியிடம், அவளுடைய முற்பிறப்பையும் மணிமேகலை திரும்பி வரும் நாளையும் அப்பாவை கூறுகிறது. கந்திற்பாவை வருவதுரைத்த காதையில் மணிமேகலைக்கு நடந்தவற்றோடு நடக்கவிருப்பவற்றையும் உரைக்கிறது.

இங்கு மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, பாவை தூணைவிட்டு இறங்குவதில்லை. அதன் குரல் மட்டுமே மனிதரை அடைகிறது. இரண்டாவது, அக்குரல் கதையை அறிந்த குரல். முன்னும் பின்னும் தெரிந்தே பேசுகிறது. மூன்றாவது, அது கேட்பவருக்காகச் செயலாற்றுவதில்லை. வாளேந்திய காஞ்சனனை நோக்கிப் பாவை பேசும்போது உதயகுமரன் ஏற்கெனவே வெட்டுண்டு கிடக்கிறான். எதிர்காலத்தைக் கேட்டறிந்த மணிமேகலையும் தன் வழியைத் தானே நடந்தாக வேண்டும். அறிவிப்பது பாவையின் பணி; நடப்பது மனிதரின் சுமை.

நிகழ்த்துகலையிலும் இதற்கு இணையான நிலை உண்டு. தருமபுரி உள்ளிட்ட வடதமிழ்நாட்டு ஊர்களில் திரௌபதியம்மன் விழாவையொட்டி நிகழும் பாரதக் கூத்தில், வேடம் புனைந்த கலைஞர்மீது அருள் இறங்குவதுண்டு. கதைமாந்தர் கதையைக் கடந்து வருவதற்கு அங்கு ஓர் உடல் தேவைப்படுகிறது. ஆடி முடித்தபின் களைத்து விழுவது கலைஞரின் உடலே, கதைமாந்தருக்குக் களைப்பில்லை. தமிழ்ப் பார்வையாளர் நெடுங்காலம் பழகிய இந்த ஏற்பாட்டை மனத்திற்கொண்டு நோக்கினால், 'மாவீரன்' படத்தின் குரல் வெளியிலிருந்து பெற்ற உத்தியாக மட்டும் தோன்றாது.

நாளிதழ்ப் படக்கதையும் 'தொடரும்' என்னும் சொல்லும்

தமிழ் வாசகருக்கு வரையப்பட்ட நாயகரை அன்றாடப் பழக்கமாக்கியது நாளிதழ். தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய 'கன்னித்தீவு', சிந்துபாத்தை நாயகனாகக் கொண்டு தலைமுறைகளைக் கடந்து நீண்ட தொடர். முடியாமல் இழுபடும் எதையும் கன்னித்தீவோடு ஒப்பிட்டுப் பேசும் வழக்கு தமிழில் நிலைத்துவிட்டது. நாள்தோறும் சில கட்டங்கள்; ஒவ்வொரு நாளும் ஒரு முடிச்சு; இறுதியில் 'தொடரும்' என்னும் அறிவிப்பு. நாயகன் எத்தகைய இடரில் சிக்கினாலும் மறுநாள் அவன் இருப்பான் என்பது வாசகருக்குத் தெரியும். சிந்துபாத்தைக் காப்பது அவனுடைய வாளைக் காட்டிலும் மறுநாளைய நாளிதழே எனலாம்.

1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் இதனோடு வேறொரு கற்பனையைச் சேர்த்தது. அதன் முதல் இதழ் நாயகனான இரும்புக்கை மாயாவி, 1962 முதல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் வெளிவந்த பாத்திரம். மின்சாரம் பாய்ந்ததும் அவனுடைய உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். உடலற்ற வீரன் என்னும் இக்கற்பனை தமிழ்ச் சிறுவர் மனத்தில் ஆழப் பதிந்தது. முடிவில்லாத தொடர்ச்சியும் உடலற்ற நிலையும் வரையப்பட்ட நாயகனின் இரு பேறுகள். இவ்விரண்டும் இல்லாத மனித உலகிற்கு அவனைக் கொண்டுவரும் முயற்சியைத் திரைப்படம் மேற்கொண்டது.

பாட்டுக்குள் அடங்கிய கார்ட்டூன்: 'ராஜா சின்ன ரோஜா'

எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனம் தயாரித்து 1989இல் வெளிவந்த 'ராஜா சின்ன ரோஜா', நடிகர்களையும் கார்ட்டூன் உருவங்களையும் ஒரே சட்டகத்தில் இணைத்த இந்தியாவின் முதல் முயற்சியாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. ரஜினிகாந்தும் சிறுவர்களும் காட்டில் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப்பாடும் பாடற்காட்சி அது. இசை சந்திரபோஸ். அசைவூட்டத்தை உருவாக்கியவர் ராம் மோகன். 1950களில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் பயிற்சி பெற்று, சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாரி' (1977) படத்தின் அசைவூட்டப் பகுதியிலும் பங்களித்தவர் அவர்.

கணினிக்கு முந்தைய முறையில் இத்தகைய காட்சியை உருவாக்குவது கடும் உழைப்பைக் கோருவது. நடிகர் முதலில் வெற்றிடத்தை நோக்கி நடிக்க வேண்டும். அவருடைய பார்வை விழும் இடத்தில் பின்னர் விலங்கு வரையப்படும். ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் என்றால் ஒரு நிமிடத்திற்கு 1440 சட்டகங்கள். நடிகரின் கையசைவும் விலங்கின் அசைவும் அவற்றில் பிசகாமல் பொருந்த வேண்டும். பார்வைக்கோடு சற்றே விலகினாலும் இரு உலகங்களும் பிரிந்து தெரிந்துவிடும்.

தொழில்நுட்ப அளவில் துணிவான இம்முயற்சி, கதையளவில் எல்லை வகுத்துக்கொண்டது. செல்வர் வீட்டில் கட்டுக்கடங்காமல் வளரும் பிள்ளைகளை நல்வழிப்படுத்த வரும் நாயகன், அவர்களோடு நெருங்குவதற்கான வெளியாகவே பாடல் அமைகிறது. பாடல் முடிந்ததும் விலங்குகள் மறைகின்றன. அவற்றின் வருகை கதையில் எந்த நிகழ்வையும் மாற்றுவதில்லை. எவருக்கும் அவற்றால் ஆபத்துமில்லை. தமிழ்த் திரைப்படத்தில் பாடல் என்பது இட, கால நியதிகள் தளரும் பகுதி. கிராமத்து நாயகன் ஒரு சரணத்தில் வெளிநாட்டில் ஆடுவதை ஏற்கும் பார்வையாளர், கார்ட்டூன் யானையையும் அதே இசைவோடு ஏற்கிறார். கலப்பு நிகழ்வதற்குப் பாடல் வாய்ப்பளித்தது. அக்கலப்பு கதைக்குள் கசியாமல் தடுத்ததும் அதுவே. எனவே இப்படத்தில் கார்ட்டூன் மாந்தர் விருந்தினராகவே நின்றுவிடுகின்றனர்.

குரலாய் இறங்கும் நாயகன்: 'மாவீரன்'

மடோன் அஸ்வின் இயக்கிய 'மாவீரன்' 2023 ஜூலையில் வெளிவந்தது. நாயகன் சத்யா (சிவகார்த்திகேயன்) 'தினத்தீ' என்னும் நாளிதழுக்குப் படக்கதை வரைபவன். அவன் படைத்த நாயகனே மாவீரன். அஞ்சா நெஞ்சனைப் படைத்தவன் எதற்கும் அஞ்சுபவன். அவனுடைய உழைப்பு முதலில் வேறொருவர் பெயரில் வெளிவருகிறது. அதையும் கேட்க அவனுக்கு நாவெழவில்லை. குடிசைப் பகுதியிலிருந்து அகற்றப்பட்ட மக்களோடு அவன் குடும்பமும் 'மக்கள் மாளிகை' என்னும் அடுக்ககத்தில் குடியேறுகிறது. தரமின்றிக் கட்டப்பட்ட அக்கட்டடம் குடியேறிய நாள்முதல் உதிர்கிறது. அவமானம் தாளாமல் உயிரை விடத் துணிந்து, பிழைத்தெழுந்த பின்னர் சத்யாவுக்குக் குரலொன்று கேட்கத் தொடங்குகிறது. அது மாவீரனின் கதையைச் சொல்லும் குரல் (விஜய் சேதுபதி). சத்யாவையே மாவீரன் என அழைத்து, அவன் செய்யப்போவதைக் கதையாக விவரிக்கிறது.

கதைமாந்தருக்குக் கதைசொல்லியின் குரல் கேட்பது ஆங்கிலப் படமான 'ஸ்ட்ரேஞ்சர் தேன் பிக்‌ஷன்' (2006) கையாண்ட உத்தி. அதில் ஹெரால்ட் கிரிக் கேட்பது முன்பின் அறியாத ஒரு நாவலாசிரியரின் குரலை. தன்னை எழுதுபவரைத் தேடிச் சென்று முறையிட அவனுக்கு வழியுண்டு. சத்யாவுக்கு அவ்வழி இல்லை. தன்னை எழுதும் குரல் தான் எழுதிய கதையிலிருந்தே வருகிறது. படைத்தவனைப் படைப்பு நடத்துகிறது. முறையிடச் சென்றால் அவன் தன் வரைபலகையின் முன்னேதான் நிற்க வேண்டும்.

நாளிதழ்த் தாளில் ஓவியமாக இருக்கும் மாவீரன், மனித உலகில் உருவெடுத்து நடப்பதில்லை. குரல் கேட்கும்போதெல்லாம் சத்யா அண்ணாந்து பார்க்கிறான். 1989இல் நடிகர் நோக்கிய வெற்றிடத்தை ஓவியர் நிரப்பினார். 2023இல் அவ்வெற்றிடம் நிரப்பப்படாமலே விடப்படுகிறது. கணினி வரைகலை எளிதாகிவிட்ட காலத்தில் வெளிவந்த படம் உருவத்தைத் தவிர்ப்பது இயலாமையால் அன்று. உருவம் வந்தால் ஆபத்தை அது பங்கிட்டுக்கொள்ளும். அடிகளை வாங்கிக்கொண்டு மீண்டெழும். குரலால் அடி வாங்க இயலாது. வரப்போகும் தாக்குதலை அது முன்கூட்டிச் சொல்லும். அதற்கேற்ப அசைய வேண்டியதும் தவறினால் வலிக்க வேண்டியதும் சத்யாவின் உடல். கந்திற்பாவையிடம் கண்ட மூன்று கூறுகளில் முதல் இரண்டும் இங்கு அப்படியே பொருந்துகின்றன: உருவம் இடம்பெயர்வதில்லை, குரல் கதையின் போக்கை அறிந்திருக்கிறது.

மூன்றாவது கூறில்தான் வேறுபாடு. பாவை அறிவித்து ஓய்கிறது. மாவீரனின் குரல் அறிவிப்பதோடு உந்துகிறது. சத்யா மறுத்தாலும் கதை அவனை இழுத்துச் செல்கிறது. படத்தின் நகைச்சுவை முழுவதும் இந்த இழுபறியில் பிறக்கிறது. படத்தின் வினாவும் அதிலேயே உள்ளது: குரலின் உந்துதலால் செய்த செயலை வீரம் என்று சொல்லலாமா? படம் தரும் விடை தெளிவானது. கட்டடம் சரியும் இறுதிக் கட்டத்தில், குடியிருப்போரைக் காப்பாற்றும் செயலே பகைவனை வீழ்த்துவதைவிட முதன்மை பெறுகிறது. 'தொடரும்' என்று போட்டுத் தப்பிக்க இயலாத உலகில், அடுத்த நாள் உறுதியில்லாத ஒருவன் உள்ளே நுழைவதே வீரம் என்று படம் வரையறுக்கிறது. வரையப்பட்ட மாவீரன் ஒருபோதும் வீரன் ஆக முடியாது. அவனுக்கு இழப்பதற்கு ஏதுமில்லை.

நிலமும் கார்ட்டூனும்

இவ்வகைக் கதையின் உலகளாவிய முன்மாதிரியாகக் கருதப்படும் 'ஹூ பிரேம்ட் ரோஜர் ராபிட்' (1988), கேரி வுல்ப் 1981இல் எழுதிய நாவலைத் தழுவியது. நாவலில் வரும் சித்திரக்கதை மாந்தரின் பேச்சு, குமிழிக்குள் எழுத்தாகத் தோன்றும். ராபர்ட் செமெக்கிஸ் இயக்கிய படத்தில் அவர்கள் அசைவூட்ட நடிகர்களாயினர். 1947ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ட்டூன்கள் படப்பிடிப்பு நிலையங்களில் வேலை செய்கின்றனர். டூன்டவுன் என்னும் தனிக் குடியிருப்பில் வாழ்கின்றனர். விரைவுச்சாலை அமைப்பதற்காக அக்குடியிருப்பை அழிப்பதே எதிர்நாயகனின் திட்டம். இதற்காகக் கார்ட்டூன்களையும் கொல்லவல்ல வேதிக்கரைசல் ஒன்று கதையில் உருவாக்கப்படுகிறது. அதாவது, கார்ட்டூன்களை மனித உலகின் குடிமக்களாக்க வேண்டுமாயின் அவர்களுக்கும் சாவைக் கொடுத்தாக வேண்டும் என்பதை அப்படம் உணர்ந்திருக்கிறது.

இரு படங்களும் நிலத்தைப் பற்றிய கதைகள் என்பது பெரிதும் கவனிக்கப்படாத ஒற்றுமை. நகர வளர்ச்சியின் பெயரால் அகற்றப்படுவோர் அங்கு கார்ட்டூன்கள், இங்கு மனிதர்கள். ஹாலிவுட் படம் இடம்பெயர்க்கப்படுவோரைக் கார்ட்டூன்களாக்கியதால் இழப்பை நகைச்சுவையால் மூடிக்கொள்ள முடிந்தது. 'மாவீரன்' அவ்வசதியை ஏற்கவில்லை. அதன் குடியிருப்பு, தமிழ்ப் பார்வையாளர் அறிந்த உண்மைக்கு மிக அருகில் உள்ளது. சென்னையில் நீர்நிலையோரக் குடிசைவாழ் மக்கள் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற பகுதிகளுக்கு மாற்றப்பட்ட வரலாறு நீண்டது. 2021இல் புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்ககத்தில் தொட்டால் உதிரும் சுவர்ப்பூச்சு சட்டமன்றம்வரை பேசப்பட்டு, தொழில்நுட்ப ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. இந்நினைவோடு படம் பார்ப்பவருக்கு, உதிரும் சுவர் கற்பனையாகவும் மேலிருந்து வரும் குரல் மட்டுமே கற்பனையற்ற ஆறுதலாகவும் தோன்றும் தலைகீழ் நிலை உருவாவதில்லை; சுவர் உண்மையாகவே நிற்கிறது.

குரல் தேவைப்படாத துணிவு

இப்படத்தின் வலிமையை ஏற்கும்போதே அதன் வரம்பையும் சுட்ட வேண்டியுள்ளது. சத்யாவின் தாய் ஈஸ்வரி (சரிதா) தொடக்கம் முதலே அநீதியைத் தட்டிக்கேட்பவர். அவருக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. எந்தச் சித்திரமும் துணைநிற்கவில்லை. காயப்படக்கூடியவர் அறிந்தே ஆபத்தில் இறங்குவதுதான் வீரம் என்னும் படத்தின் வரையறைக்கு முழுமையாகப் பொருந்துபவர் அவரே. ஆயினும் கதை அவருடைய துணிவை மகனின் கோழைத்தனத்தை அளக்கும் அளவுகோலாகப் பயன்படுத்திவிட்டு நகர்கிறது. குரலால் தூண்டப்பட்ட தயக்கம் நாயகத்தன்மை பெறுகிறது. குரலின்றி நிகழ்ந்த எதிர்ப்பு குணச்சித்திரமாகச் சுருங்குகிறது.

இதற்கான காரணம் இயக்குநரின் நோக்கத்தைவிடக் கார்ட்டூன் வடிவத்தின் இயல்பில் உள்ளது எனலாம். நாளிதழ்ப் படக்கதைக்கு ஒரு நாயகனும் முகமுள்ள ஒரு பகைவனும் தேவை. தரமற்ற கட்டடத்திற்கோ ஒரே முகம் இல்லை. ஒப்பந்தம், கலவை விகிதம், மேற்பார்வை, கையொப்பம் எனப் பலரிடம் பரவிக் கிடக்கும் பிழை அது. குரல் அப்பிழையை அமைச்சர் ஜெயக்கொடி (மிஷ்கின்) என்னும் ஒருவரிடம் குவித்துத் தருகிறது. பகைவன் வீழ்ந்தால் சுவர் உறுதியாகிவிடுமா என்னும் வினாவுக்குப் படக்கதையின் இலக்கணத்தில் இடமில்லை.

இதே இயக்குநரின் 'மண்டேலா' (2021) இங்கு ஒப்பிடத்தக்கது. ஊரார் இழிவாக நடத்தும் முடிதிருத்துபவர் ஒருவரின் ஒற்றை வாக்கு ஊர்த்தேர்தலைத் தீர்மானிக்கும் நிலையில், அவ்வாக்கைக் கொண்டு அவர் முதலில் தனக்கும் பின்னர் ஊருக்கும் வேண்டியதைப் பெறுகிறார். அதில் இயற்கை இகந்த துணை ஏதுமில்லை. வாக்குரிமை என்னும் பொதுக்கருவியே போதுமானதாகிறது. 'மண்டேலா' குடிமகனின் கருவியை நம்பிய இடத்தில் 'மாவீரன்' நாயகனின் குரலை நம்புகிறது. சாகசம் கூடியுள்ளது; பொதுமக்களின் பங்கு குறைந்துள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. 'ராஜா சின்ன ரோஜா' கார்ட்டூன் மாந்தரை உருவத்தோடு அழைத்துவந்து பாடலின் எல்லைக்குள் நிறுத்தியது. அதனால் கலப்பு விளையாட்டாக அமைந்தது. 'மாவீரன்' உருவத்தை விலக்கிக் குரலைக் கதை முழுவதும் உலவவிட்டது. அதனால் ஆபத்து முழுவதும் மனித உடலின்மீது விழுந்தது. இத்தேர்வு கந்திற்பாவை, பதுமைகள், அருள் இறங்கும் கூத்துக் கலைஞர் என நீளும் தமிழ் மரபோடு உறவுடையது. உருவத்தின் உடல்வழி வருகையைவிட அதன் சொல்வழி வருகையே இம்மரபில் வலிமை மிக்கது.

கந்திற்பாவை மணிமேகலையிடம் வருவதை உரைத்தபின் அமைதியாகிறது. எஞ்சிய காதைகள் அவளுடையவை. இனிவரும் தமிழ்க் கார்ட்டூன் கலப்புக் கதைகளை மதிப்பிட இது ஒரு தக்க அளவுகோலாகும். சித்திரம் எவ்வளவு நேரம் பேசுகிறது என்பதோடு, அது பேசி முடித்தபின் மனிதருக்கு எவ்வளவு இடம் விடுகிறது என்பதையும் திறனாய்வு கேட்க வேண்டும். ஈஸ்வரி போன்ற மாந்தர் கதையின் நடுவிடத்திற்கு வரும் நாளில், இவ்வகை சாகசப் புனைவு தமிழில் அடுத்த நிலையை எட்டும்.